தொட்டிச் செடிக்குத் தண்ணீர் எப்போது ஊற்றுவது?

"வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?"

செடி வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். தேக்காவில் துளசி வாங்கினாலும் சரி, நர்சரியில் மணிபிளான்ட் வாங்கினாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். கடைக்காரர் தினமும் என்பார். பக்கத்து வீட்டு அக்கா வாரம் இரண்டு முறை என்பார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ பத்து நாளுக்கு ஒரு முறை போதும் என்று காணொளி அனுப்பியிருப்பார். அவரவர் வீட்டில், அவரவர் தொட்டியில் அது பலித்திருக்கும். அதே எண்ணை நம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் செடி மஞ்சளாகிறது.

இணையத்தில் படிப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வீட்டுச் செடிகளைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி நான்கு பருவமுள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. "குளிர்காலத்தில் நீரைக் குறையுங்கள், இளவேனிலில் கூட்டுங்கள்" என்று அவை சொல்லும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். இங்கே செடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. ஆனால் மழை மூட்டம் உண்டு, குளிரூட்டி உண்டு, சூரியன் பக்கம் மாறுவது உண்டு. நீர் ஊற்றும் நாளைத் தீர்மானிப்பவை இவைதான்.

ஆகவே "எத்தனை நாளுக்கு ஒரு முறை" என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, "இப்போது இந்த மண்ணுக்குள் என்ன நிலவரம்" என்று கேட்கப் பழகுவோம். அதற்குத் தொட்டிக்குள் நடப்பது கொஞ்சம் புரிய வேண்டும்.

மூங்கில் கழியில் காயும் துணி

வீவக வீட்டில் துணி காயப்போடும் யாரும் "சட்டை காய மூன்று மணி நேரம்" என்று விதி வைத்துக்கொள்வதில்லை. வெயில் விழுகிறதா, காற்று வருகிறதா, வானம் மூடியிருக்கிறதா, துணி மெல்லியதா தடித்ததா என்று பார்க்கிறோம். கழியை உள்ளே இழுக்கும்போது தொட்டுப் பார்க்கிறோம். ஜீன்ஸ் என்றால் கால் பகுதியைத் தொட்டுவிட்டு மடித்து வைக்க மாட்டோம். இடுப்புப் பட்டையைத் தொடுவோம், பைக்குள் விரலை விட்டுப் பார்ப்போம். வெளியே மொடமொடவென்று காய்ந்திருக்கும். பட்டையில் ஈரம் அப்படியே நிற்கும்.

தொட்டி மண்ணும் இப்படித்தான் காய்கிறது. மேலே ஒரு விரல்கடை ஆழம் வெளுத்து, வெடித்துக்கூட இருக்கலாம். அடியில் சேறாக இருக்கும். மேல்மண்ணைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுபவர், காலைத் தொட்டுவிட்டு ஜீன்ஸை அலமாரியில் வைப்பவர்.

ஆனால் தொட்டியில் துணிக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே உயிருள்ள வேர் இருக்கிறது. அது நீரைக் குடிக்கிறது, மூச்சும் விடுகிறது.

இதுவரை பார்த்தது: மண் காயும் வேகம் இடத்தையும் வானிலையையும் பொறுத்து மாறும். மேற்பரப்பு காய்ந்திருப்பதால் உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மண்ணுக்குள் காற்று

ஒரு பிடி தொட்டி மண்ணை எடுத்தால் அதில் கணிசமான பங்கு வெற்றிடம். துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள இந்தச் சின்னச் சின்ன வெற்றிடங்களை மண் இடைவெளி என்கிறோம். தண்ணீர் ஊற்றியதும் இடைவெளிகள் நீரால் நிரம்புகின்றன. பெரிய இடைவெளிகளில் இருக்கும் நீர் அடித்துளை வழியாக இறங்கி ஓடிவிடும். அந்த இடத்தில் காற்று புகும். சிறிய இடைவெளிகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் அதைத்தான் சிறுகச் சிறுக உறிஞ்சுகிறது. நல்ல மண் என்றால் நீரும் காற்றும் ஒரே நேரத்தில் இருக்கிற மண்.

காற்று எதற்கு? இலை பகலில் உயிர்வாயுவை வெளியே விடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் வேர் இருட்டில் இருக்கிறது. அது உணவு தயாரிப்பதில்லை. இலை அனுப்பும் சர்க்கரையை உயிர்வாயுவின் துணையோடு எரித்துத்தான் அது வளர்கிறது, ஊட்டச்சத்துகளை உள்ளே இழுக்கிறது. இதற்கு வேர்ச் சுவாசம் என்று பெயர். இரவு பகல் பாராமல் நடக்கும் வேலை இது.

நீர் நிரம்பிய மண்ணில் இந்தச் சுவாசம் திணறுகிறது. உயிர்வாயு காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் பரவும் வேகம் ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. மண்ணில் இருந்த கொஞ்சநஞ்ச உயிர்வாயுவை வேரும் நுண்ணுயிர்களும் பயன்படுத்தித் தீர்த்துவிடும். புதிது வந்து சேராது. சில மணி நேரம் என்றால் பெரும்பாலான செடிகள் தாங்கும். நாள்கணக்கில் நீண்டால் வேர்நுனிகள் சாகத் தொடங்கும். ஈரத்தை விரும்பும் பித்தியம் போன்ற நோய்க்கிருமிகள் செத்த வேரில் புகுந்து நல்ல வேருக்கும் பரவும். இதுதான் வேர் அழுகல்.

ஒரே நாளில் நிறையத் தண்ணீர் ஊற்றுவதால் செடி கெடுவதில்லை என்பதையும் இதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். ஒரு வாளி ஊற்றினாலும் அடித்துளை சரியாக இருந்தால் மிஞ்சியது ஓடிவிடும். ஒரு முறை ஊற்றியதற்கும் அடுத்ததற்கும் நடுவே மண்ணுக்குள் காற்று திரும்ப நேரம் கொடுக்காமல் ஊற்றுவதுதான் கெடுக்கிறது. "அதிக நீர்" என்று நாம் பொதுவாகச் சொல்வதன் உண்மையான பொருள் இது. தினமும் அரைக் குவளை ஊற்றுகிற வீட்டில் செடி அழுகுவதும், வாரம் ஒரு முறை குளிப்பாட்டுவது போல ஊற்றுகிற வீட்டில் அதே செடி செழிப்பதும் இதனால்தான்.

சுருக்கமாக: வேருக்கு நீர், காற்று இரண்டும் வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறையும்.

ஊற்றிய நீர் எங்கே போகிறது

கொஞ்சம் நீர் மண்ணின் மேற்பரப்பிலிருந்து நேராக ஆவியாகிறது. மீதியை வேர் உறிஞ்சித் தண்டு வழியாக இலைக்கு அனுப்புகிறது. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு வாய்கள் இருக்கின்றன, அவை இலைத்துளைகள். உணவு தயாரிக்கத் தேவையான கரிவளியை உள்ளே விடுவதற்காக இலை இவற்றைத் திறக்கிறது. திறந்திருக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. இது நீராவிப்போக்கு. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் இப்படியே போய்விடுகிறது. செடியின் உடலாக மாறுவது மிகச் சிறிய பங்கு.

ஆகவே இலைத்துளை எவ்வளவு திறந்திருக்கிறது, வெளிக்காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்ற இரண்டைப் பொறுத்துத்தான் தொட்டி காயும்.

துளை திறப்பதை முக்கியமாக வெளிச்சம் முடிவு செய்கிறது. வெளிச்ச விஷயத்தில் நம் கண் நம்மை ஏமாற்றும். கண் தானே பழகிக்கொள்வதால், சன்னலோரமும் அறையின் நடுவும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசமாகத் தெரியும். உண்மையில் சன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே வந்தாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தொலைக்காட்சி மேசைக்குப் பக்கத்தில் வைத்த மணிபிளான்ட், தாழ்வாரத்தில் இருக்கும் அதே வகை மணிபிளான்ட் குடிப்பதில் ஒரு சிறு பங்கைத்தான் குடிக்கும். இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு ஊற்றினால், உள்ளே இருப்பதன் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகும்.

அடுத்தது காற்றின் ஈரம். காற்று அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இப்போது இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கும் மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் இலையிலிருந்து நீர் மெதுவாகத்தான் வெளியேறும். அதனால்தான் வறண்ட நாட்டுக்காரர் சொல்லும் நீர்க்கணக்கு நமக்குக் கூடுதலாகிவிடுகிறது. இலைமேல் நீர் தெளிக்கும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். இந்த ஈரக் காற்றில் வாழும் செடிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இரவில் தெளித்தால் இலைப்புள்ளி நோய்தான் வரும்.

மணிபிளான்ட் வளர்ப்பவர்கள் அதிகாலையில் இலைநுனியில் ஒரு தெளிவான சொட்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பனி என்று பலர் நினைக்கிறார்கள். பனியென்றால் இலை முழுவதும் படிந்திருக்கும். இது நுனியில் மட்டும் நிற்கும், தொட்டால் உருண்டு விழும். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போது, ஈர மண்ணிலிருந்து வேர் தள்ளும் நீர் ஆவியாக வழியில்லாமல் இலைநுனி வழியாகச் சொட்டுகிறது. இதற்கு நீர்வடிதல் என்று பெயர். நோயல்ல. ஆனால் மண்ணில் ஈரம் போதுமான அளவு இருக்கிறது என்பதைச் செடியே சொல்லும் அடையாளம். அந்தச் சொட்டு தெரிகிற அன்று காலை தண்ணீர்க் குவளையை எடுக்க வேண்டியதில்லை.

குளிரூட்டி ஓடும் அறையில் கதை வேறு. குளிரூட்டி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது. அங்கே வைத்த செடியின் மேல்மண் விரைவில் காயும், மெல்லிய இலைகளின் ஓரம் கருகும். ஆனால் அறை இருட்டாக இருந்தால் வேர் குடிப்பது குறைவு என்பதால் அடிமண் ஈரமாகவே இருக்கும். மேல் காய்ந்து அடி ஈரமாக இருக்கும் ஏமாற்று நிலை அதிகம் வருவது படுக்கையறைச் செடிகளுக்குத்தான்.

நினைவில் வைக்க: வெளிச்சம் கூடினால் குடிப்பது கூடும். காற்று உலர்ந்தால் கூடும், வீசினாலும் கூடும். இருட்டும் ஈரக்காற்றும் சேர்ந்தால் மண் நாள்கணக்கில் காயாது.

வாடினால் தாகம்தானா?

செடி வாடினால் தண்ணீர் ஊற்று. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. தோட்டத்து மண்ணில் இது பெரும்பாலும் சரி. தொட்டியில் பல செடிகளைச் சாகடிப்பது இந்த ஒரு பழக்கம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இலை நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் அதன் செல்களுக்குள் நிறைந்திருக்கும் நீரின் அழுத்தம். இலைக்கு வரும் நீரைவிடப் போகும் நீர் அதிகமானால் அழுத்தம் குறைந்து இலை தொங்கும். வரவு குறைய இரண்டு வழி உண்டு. மண்ணில் நீர் இல்லாமல் போகலாம். மண்ணில் நீர் இருந்தும் அதை எடுக்க வேர் இல்லாமல் போகலாம். உயிர்வாயு கிடைக்காத வேர் முதலில் நீரை உறிஞ்சுவதைக் குறைக்கிறது, பிறகு அழுகுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தோற்றம்தான்: தொங்கிய இலை. தாகத்தால் வாடியது என்று எண்ணி மேலும் ஊற்றினால், மூச்சுத் திணறும் வேருக்கு மிஞ்சியிருந்த காற்றும் போய்விடும்.

எது என்று கண்டுபிடிக்க மண்ணைத்தான் பார்க்க வேண்டும். வாடிய செடி, காய்ந்த மண், தூக்கினால் லேசான தொட்டி: இது தாகம். ஊற்றுங்கள், பீஸ் லில்லி போன்ற செடி சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். வாடிய செடி, ஈர மண், கனமான தொட்டி: இது வேர்க் கோளாறு. ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் செடியைத் தொட்டியிலிருந்து மெல்லக் கழற்றிப் பாருங்கள். தொட்டியைச் சாய்த்து, தண்டின் அடியை விரல்களுக்கு நடுவே பிடித்து, தொட்டியின் பக்கங்களை லேசாக அமுக்கினால் மண்ணோடு வந்துவிடும். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும், நகத்தால் அழுத்தினால் எதிர்த்து நிற்கும். அழுகிய வேர் பழுப்பு, கொழகொழப்பு. அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். மண்ணில் சாக்கடை வாடையும் வரும். கழற்றிப் பார்ப்பதால் செடி செத்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். கவனமாகச் செய்தால் ஒன்றும் ஆகாது. அழுகியதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, புதிய, காற்றோட்டமான மண்ணில், முன்பைவிடச் சிறிய தொட்டியில் வைத்தால் பல செடிகள் பிழைக்கின்றன.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. உச்சி வெயிலில் மெல்லிய இலைச் செடிகள், மண் ஈரமாக இருந்தாலும், சற்றுத் துவளும். வேர் அனுப்பும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அந்த ஓரிரு மணி நேரம் அதிகம். மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம்.

மண்ணைச் சோதிப்பது எப்படி

முதலில் விரல். ஆள்காட்டி விரலை இரண்டாவது மூட்டு வரை, சுமார் 5 செ.மீ., மண்ணுக்குள் விடுங்கள். குளிர்ச்சியாக, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் இருக்கிறது. சிறிய தொட்டிகளுக்கு இது போதும்.

ஆழமான தொட்டிக்கு சாத்தே குச்சி. கழுவிக் காய வைத்த குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை இறக்கி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். எந்த இடம் வரை மரம் கருத்து நனைந்திருக்கிறது, எங்கே மண் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் ஈரம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது அப்படியே தெரியும். மேலிருந்து பாதி ஆழத்துக்குக் குச்சி காய்ந்து வந்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு ஊற்றலாம்.

மூன்றாவது வழியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: எடை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நன்றாக நனைந்த நடுத்தரத் தொட்டிக்கும் காய்ந்த அதே தொட்டிக்கும் சில நூறு கிராம் வித்தியாசம் இருக்கும். பிளாஸ்டிக் தொட்டியும் தேங்காய் நார்த்தூள் கலந்த மண்ணும் என்றால் காய்ந்தபின் வெற்றுத் தொட்டியைத் தூக்குவது போலவே இருக்கும். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு ஒரு முறை தூக்கிப் பாருங்கள். பிறகு தினமும் போகிற போக்கில் தூக்குங்கள். கொஞ்ச நாளில் கைக்குப் பிடிபட்டுவிடும். கை நம்பிக்கை தராவிட்டால் சமையலறைத் தராசில் வைத்து, நனைந்த எடையைத் தொட்டியிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடைக்கு மேல்மண் அடிமண் என்ற ஏமாற்று இல்லை. தொட்டி முழுவதிலும் உள்ள நீரை அது மொத்தமாகச் சொல்கிறது.

கடையில் விற்கும் ஈரமானிகளைப் பற்றிக் கேட்பார்கள். மலிவானவை பெரும்பாலும் மண்ணில் மின்சாரம் கடத்தப்படும் அளவை வைத்தே ஈரத்தை ஊகிக்கின்றன. உரத்தின் உப்பு மிகுந்த மண்ணில் காய்ந்திருந்தாலும் ஈரம் என்று காட்டும். பெரிய துகள்கள் கொண்ட இளகிய மண்ணில் ஈரமாக இருந்தாலும் காய்ந்தது என்று காட்டும். குச்சியே மேல்.

ஊற்றும்போது நிறைய ஊற்றுங்கள்

நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தால் தயங்காமல், அடித்துளையில் நீர் வடியும் வரை மண்ணெங்கும் பரவலாக ஊற்ற வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால் மேல் அடுக்கு மட்டும் நனையும், கீழே உள்ள வேர் காயும், உர உப்புகள் மண்ணிலேயே தங்கும். நிறைய ஊற்றி வடிய விடும்போது நீர் இறங்கும் வழியே புதிய காற்றும் உள்ளே இழுக்கப்படுகிறது.

மிக அதிகமாகக் காய்ந்த நார்த்தூள், பீட் மண்கள் நீரை ஒட்டவிடாது. ஊற்றியது தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஓடி உடனே கீழே வந்துவிடும். நனைந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். தூக்கிப் பார்த்தால் லேசாகவே இருக்கும். அப்போது தொட்டியை ஒரு வாளி நீரில் பாதி ஆழத்துக்கு அரை மணி நேரம் வைத்து எடுத்து வடிய விடுங்கள்.

காலையில் ஊற்றுவது நல்லது. பகல் முழுவதும் செடி குடிக்கும், இலையில் பட்ட நீர் காய்ந்துவிடும். குழாய் நீரை அப்படியே ஊற்றலாம்.

அரிசி களைந்த நீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் அதைக் கொட்ட மனம் வராது. செடிக்கு ஊற்றுவது அம்மா, பாட்டி காலத்துப் பழக்கம். அதில் சிறிது சத்து உண்டு. ஆனால் அதுவும் தண்ணீர்தான். தினமும் அரிசி களைகிறோம் என்பதற்காக அதே தொட்டிக்குத் தினமும் ஊற்றினால், செடியின் தேவையை நம் உலைப்பானை தீர்மானிக்கிறது என்று ஆகிவிடும். தங்கும் மாவுச்சத்து புளித்து வாடை வரும், சின்னப் பூச்சிகள் மொய்க்கும். வெயில் படும் கறிவேப்பிலைக்கு, மண் காய்ந்திருக்கும் அன்று கொடுங்கள். சோஃபா ஓரத்துச் செடிக்கு வேண்டாம்.

தட்டு, கூழாங்கல், துளையில்லாத் தொட்டி

வடிந்த நீர் தட்டில் நிற்கக் கூடாது. அடிமண் அதை மீண்டும் மேலே உறிஞ்சிக்கொண்டு காற்றை வெளியேற்றும். சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது: டெங்கி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர சுமார் ஒரு வாரமே போதும். ஒரு தட்டு நீர் அதற்குத் தாராளம். தட்டுகளைத் தூக்கி நீரைக் கொட்டச் சொல்லியும், இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடச் சொல்லியும் தேசியச் சுற்றுப்புற வாரியம் தொடர்ந்து அறிவுறுத்துகிறது. இறுகிய மண்ணின் மேல் நீர் குட்டையாக நிற்கும் என்பதே அதற்குக் காரணம். கிளறினால் வேருக்கும் காற்று கிடைக்கும். கொசுவுக்குச் செய்வது செடிக்கும் ஆகிறது. தட்டைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரிக்கும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. அது தவறு. வடிந்து முடிந்த தொட்டியிலும் அடியில் ஒரு ஈர அடுக்கு எப்போதும் மிஞ்சும். சிறு துகள்கள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வருவது அது. கல் போட்டால் அந்த அடுக்கு காணாமல் போகாது. கல்லுக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்குக் கிடைக்கும் காற்றோட்டமான இடம் அவ்வளவும் குறையும். நல்ல வடிகால் வேண்டுமென்றால் மண் முழுவதிலும் பெர்லைட் போன்ற பெருந்துகள்களைக் கலக்க வேண்டும்.

துளையில்லாத அழகுத் தொட்டியில் நேரடியாக மண் போடாதீர்கள். துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி வைத்து, ஊற்றும்போது வெளியே எடுத்து வடித்துவிட்டு வையுங்கள். சிறிய செடியைப் பெரிய தொட்டியில் வைப்பதும் வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் இருக்கும் நீரைக் குடிக்க ஆளில்லை. அடிக்கடி ஊற்றும் கை உங்களுடையது என்றால், பூச்சில்லாத மண்தொட்டி உங்களைக் காப்பாற்றும். அதன் சுவர் வழியாகவும் நீர் ஆவியாகும்.

நம் வீட்டுச் செடிகள்

துளசி வெயிலை விரும்பும், மெல்லிய இலை, வேகமாகக் குடிக்கும். தாழ்வாரத்து வெயிலில் சின்னத் தொட்டியில் இருந்தால் தினமும் தேவைப்படலாம். கறிவேப்பிலைக்கும் வெயில் வேண்டும், ஆனால் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். நசநசப்பு அதற்கு ஆகாது. வெற்றிலைக் கொடி நிழலும் ஈரமும் கேட்கும். மண் முழுதும் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. கற்பூரவல்லி தன் தடித்த இலையில் நீரைச் சேமித்து வைத்திருக்கிறது. இலை சற்று மெலிந்து மடங்கும் வரை காத்திருந்தாலும் குற்றமில்லை.

பாம்புச்செடி தனி ரகம். வறண்ட நிலத்துச் செடி. பகல் வெப்பத்தில் இலைத்துளைகளை மூடி வைத்துக்கொண்டு இரவின் குளிர்ச்சியில் திறக்கும், அதனால் மிகக் குறைவாகவே நீரை இழக்கும். மண் அடிவரை காய்ந்த பிறகும் பல நாள் பொறுக்கலாம்.

ஆண்டின் போக்கு

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் மூடிக்கொண்டு பெய்யும். வெளிச்சம் குறைவு, காற்று ஈரம், மண் காயாது. அந்த நாள்களில் பழைய வேகத்தில் ஊற்றினால் அழுகல் நிச்சயம். அதே பருவத்தின் பின்பாதி வறண்டது. சராசரியாக ஆண்டின் மழை குறைந்த மாதம் பிப்ரவரி. காற்றும் பலமாக வீசும். இரண்டு மாதத்துக்குள் அதே தொட்டி, அதே இடம், தேவை மட்டும் தலைகீழ்.

பலர் கவனிக்காதது சூரியன் நிற்கும் பக்கம். மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நகர்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. வடக்கு பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் நேர் வெயில் விழும், டிசம்பரில் விழாது. தெற்கு பார்த்த சன்னலுக்கு நேர்மாறு. "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தது, நான் எதையும் மாத்தலையே" என்று ஒருவர் குழம்பினால், வீடு எந்தத் திசை பார்த்தது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஊருக்குப் போகும்போது

பள்ளி விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர்களின் செடி, பயணத்துக்கு முந்தின நாள் ஊற்றும் நீராலேயே கெடுகிறது. "சேர்த்து ஊற்றிவிடுவோம்" என்று தட்டையும் நிரப்பிவிட்டுப் போவார்கள். சன்னல்கள் சாத்தியிருக்கும், திரை மூடியிருக்கும், மின்விசிறி ஓடாது. மண் காயவே காயாது. தட்டில் கொசுவும் வளரும். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிகளை வழக்கம்போல ஒரு முறை நனைத்து நன்றாக வடித்து, நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள ஓரிடத்தில் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். வெயில் குறைவதால் குடிப்பதும் குறையும். பாம்புச்செடி, மணிபிளான்ட் எல்லாம் இப்படியே தாக்குப்பிடிக்கும். துளசியையும் வெற்றிலையையும் மட்டும் பக்கத்து வீட்டில் ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது "தினமும் ஊத்துங்கக்கா" என்று சொல்லாமல், கையோடு ஒரு சாத்தே குச்சியையும் கொடுத்து, எதுவரை காய்ந்தால் ஊற்ற வேண்டும் என்று அதில் ஒரு கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.